இமை சொன்ன சூடு

அந்தக் குஞ்சு பொரிப்பகத்தில் சூட்டை அளக்க இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, அடை அறையின் கதவுக்கு மேல் சிவப்பு எண்களில் எரியும் மானி. இன்னொன்று, நாற்பத்தாறு வயதான ஒரு பெண்ணின் இடது கண்ணிமை. மானிக்கு உத்தரவாதச் சீட்டு இருந்தது. இமைக்கு மரியாதை இருந்தது. மூன்றாவதாக ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரும் ஒரு காலத்தில் உள்ளே தொங்கியது. அது உடைந்த பிறகு, இமை இருக்கும்போது அது எதற்கு என்று யாரும் புதிதாக வாங்கவில்லை. அதன் வேலையோடு அதன் பெயரும் அவளுக்கு வந்து சேர்ந்தது. வேலை செய்கிறவர்கள், முட்டை கொண்டுவருகிறவர், குஞ்சு எடுத்துப்போகிற வண்டிக்காரர், எல்லாருக்கும் அவள் தெர்மாமீட்டர் அக்கா.

அவள் வேலைமுறை எளிது. காலையில் வந்து கதவைத் திறந்ததும், உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, கைக்கெட்டிய தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுப்பாள். இடது கண்ணை மூடி, முட்டையின் அகன்ற பக்கத்தை இமைமேல் வைத்து மூன்று மூச்சு நிற்பாள். உள்ளங்கை இருபது வருடமாகத் தட்டு தூக்கிக் காய்த்துப்போனது, யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும். இமைத்தோல் அப்படி ஏமாறாது என்பது அவள் கட்சி. மூன்றாவது மூச்சு முடிந்ததும் ‘சரி’ என்பாள். அல்லது ‘கால் டிகிரி தூக்கல்’ என்பாள். அண்ணாந்து மானியைப் பார்த்தால் அதுவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கும், கொஞ்சம் வெட்கத்தோடு.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு நாள் மட்டும் இரண்டும் முரண்பட்டன. மானி முப்பத்தேழு புள்ளி ஆறு என்றது, அதாவது இருக்கவேண்டிய சூடு. இமை ‘வேகுது’ என்றது. எந்திரக் கம்பெனிக்காரர் வந்து சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்குவதற்குள் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு கம்பி தளர்ந்து தொங்கியது. நிஜச் சூடு ஏறத்தாழ முப்பத்தொன்பது. இன்னும் நாலு மணி நேரம் போயிருந்தால் ஒன்பதாயிரம் முட்டையும் அவித்த முட்டை. அப்போதிருந்த பெரிய முதலாளி உணர்ச்சிவசப்படாத மனிதர். ஆனால் அன்றைக்குப் பெயின்ட் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, அடை அறைச் சுவரில் தன் கையாலேயே எழுதினார்: ‘மானிக்கும் இமைக்கும் சண்டை வந்தால் இமை சொல்வதே சட்டம்.’

ஒரு சட்டம் பிறந்தால் அது என்றைக்காவது தப்பான ஆளின் பக்கம் நிற்கத்தான் செய்யும். இந்தச் சட்டத்துக்கு அதற்குப் பதினொரு வருடம் பிடித்தது. அந்தத் தப்பான ஆளும் அவளேதான்.

முதலில் வந்தது குளிர். எல்லாரும் விசிறிக்குக் கீழே இடம் தேடுகிற மாதத்தில் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். முட்டைகளை வெளிச்சத்தில் காட்டிக் கரு இருக்கிறதா என்று பார்க்கிற பெண்ணுக்கு அங்கே ‘டார்ச்’ என்று பெயர். வாய்க்கும் அந்தப் பெயர் பொருந்தும், எதையும் இருட்டில் விட்டுவைக்காது.

“அக்கா, மலைமேல ஏதாவது வீடு பார்த்துட்டீங்களா?”

“ரொம்பப் பேசாதடி. ஜன்னல் வழியா காத்து வருது.”

“அது காத்து இல்லக்கா, அடுப்புப் புகை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கேன்டீன்.”

பிறகு வந்தது நிதானம். முன்பெல்லாம் ஒரு தட்டை மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போகிற வேகத்தில் அவள் கோட்டு படபடக்கும். இப்போது தட்டைக் கையில் பிடித்தபடி, எங்கே வைக்கவந்தோம் என்று நிற்கிறாள். குரல் தடித்தது. தொலைபேசியில் பேசினால் மறுமுனையில் ‘சொல்லுங்க சார்’ என்றார்கள். சாப்பாடு பாதியாகக் குறைந்தது, உடம்பு ஏறியது. இது எந்தக் கணக்கிலும் வராத கணக்கு என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் யோசித்து முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். முடி கொத்தாக வந்தது. அடை அறைக்குள் பத்து நிமிடம் நின்றால் யாருக்கும் முதுகில் வியர்வை வழியும். அவள் அரைமணி நேரம் நின்று உலர்ந்தபடி வெளியே வந்தாள். அந்த அறைதான் அவளுக்கு இதமாக இருந்தது. வேலை இல்லாதபோதும் ஏதோ மறந்த மாதிரி உள்ளே போய் நின்றாள். வயசு என்றாள் அவள். வயசுதான் என்றார்கள் மற்றவர்கள். உடம்பைப் பற்றி இத்தனை பேர் ஒத்துப்போனால் அது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதை யார் சொல்வது?

இதற்கு நடுவில் வேடிக்கை என்னவென்றால், தனக்குக் குளிரக் குளிர முட்டைகள் மட்டும் அவளுக்குச் சூடாக இருந்தன. வாசலில் நின்று இமைமேல் வைத்தால் சுரீரென்றது. மானி முப்பத்தேழு புள்ளி ஆறில் நின்றது. பழைய கதை, கம்பி தளர்ந்திருக்கும் என்று நினைத்தாள். கம்பெனிக்காரரைக் கூப்பிடச் சொன்னாள். அவர் வந்து பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அன்றைக்கும் முதலில் சிரிக்கத்தானே செய்தார்? சுவரில் சட்டம் இருக்கிறது. அவள் குமிழைத் திருகி அரை டிகிரிக்குமேல் குறைத்துவைத்தாள்.

வழக்கமாக முட்டை வைத்த இருபதாம் நாள் விடியும்போது முதல் ஓடு விரியும். மறுநாள் காலை வண்டி வந்து குஞ்சுகளை எடுத்துப்போகும். அந்தத் தடவை இருபதாம் நாள் முழுக்க அறை ஊமையாக இருந்தது. இருபது மணி நேரம் தாமதமாகக் குஞ்சுகள் வந்தன. தொப்புள் சரியாக மூடாமல், கால் நிற்காமல், வாழ்வதா வேண்டாமா என்று யோசிக்கிற குஞ்சுகள். பாதி தேறவில்லை. முட்டை கொடுத்தவரைத் திட்டினார்கள். அடுத்த தடவை முட்டை வேறு பண்ணையிலிருந்து வந்தது. தாமதம் மட்டும் அதே பண்ணையிலிருந்து வந்தது: இருபது மணி நேரம்.

பெரிய முதலாளி காலமாகி, இப்போது அவர் மகன்தான் முதலாளி. அப்பா இருந்தவரை அவரை அவள் ‘தம்பி’ என்பாள், பிறகு ‘முதலாளி’ என்று மாற்றிக்கொண்டாள். அவர் மட்டும் ‘அக்கா’வை மாற்றவில்லை. அதனால் அவர் கோபப்படும்போது கேட்கவே சங்கடமாக இருக்கும்.

“அக்கா, மூணாவது தடவையும் இப்படி ஆச்சுன்னா என்னால வண்டிக்காரங்க முகத்துல முழிக்க முடியாது. இந்தத் தடவை இருபதாம் நாள் விடியும்போது ஓடு விரியணும். இல்லைன்னா அடை அறைச் சாவியைக் கம்பெனி ஆள்கிட்ட குடுத்துடறேன். நீங்க தரம் பிரிக்கிற மேஜைக்கு வந்துடுங்க. உக்காந்து பார்க்கிற வேலைதான்.”

“நான் உக்காந்து பார்க்கிற ஆளா?”

“இப்ப உக்காந்துதானேக்கா இருக்கீங்க.”

உண்மைதான். அவள் ஒரு காலித் தட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தோம் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

சாவி இடுப்பில் கிடந்து கிடந்து கோட்டின் அந்த இடமே கொஞ்சம் இறங்கியிருக்கும். சாவி போனால் கோட்டு நேராக நிற்கும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். தேறுதலாக இல்லை. இருபது வருடம் ஒன்பதாயிரம் உயிருக்கு ஒரே நேரத்தில் தாயாக இருந்தவளை, நாளை முதல் முட்டையின் அழகைப் பார் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. மனிதர்களை முகத்தைவிட அளவால் நன்றாகத் தெரிந்தவர். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால், ‘யாரு அது, முப்பத்தெட்டு மார்பா?’ என்று கேட்பார். மூன்றாவது அடையின் ஒன்பதாம் நாள் மாலை, புதுக்கோட்டு தைப்பதற்காக அவளைக் கண்ணாடி முன் நிற்கவைத்து நாடாவைச் சுற்றினார். கழுத்தைச் சுற்றியவர் நிறுத்திவிட்டு, பழைய நோட்டைப் புரட்டினார். மறுபடி சுற்றினார்.

“என்னங்க, புதுசா அளக்கிற மாதிரி பார்க்கிறீங்க?”

“கழுத்து ஒரு இஞ்சு ஏறியிருக்கு.”

“குண்டாயிட்டேன். அதைச் சொல்ல ஒரு நாடா வேணுமா?”

“குண்டானா மணிக்கட்டும் ஏறணும். மணிக்கட்டு காலிஞ்சுதான் ஏறியிருக்கு. முன்பக்கம் மட்டும் தள்ளிட்டிருக்கு. முதுகுப்பக்கம் அப்படியே இருக்கு.” அவர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யோசித்தார். “நான் முப்பது வருஷமா கழுத்து அளக்கிறேன். இது சதை இல்ல. உள்ள ஏதோ இருக்கு. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்.”

ஒரு மருத்துவமனையில் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய எந்திரம் வைத்திருப்பார்கள். அந்த வீட்டில் அறுபது இஞ்சு நாடா போதுமானதாக இருந்தது.

பத்தாம் நாள் காலை டாக்டரம்மா அவள் கையைப் பிடித்தவர், பிடித்த கையை உடனே விட்டார். தன் புறங்கையை அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கீங்க” என்றார். நாடி ஐம்பத்திரண்டு. தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லி, தொண்டையில் எதுவோ ஏறி இறங்குவதைப் பார்த்தார். பிறகு முழங்காலிட்டு நிற்கவைத்து, குதிகாலுக்கு மேலே சின்ன ரப்பர்ச் சுத்தியால் தட்டினார். பாதம் உதைத்தது. ஆனால் திரும்பிவருவதற்கு முன் கொஞ்சம் யோசித்தது.

“பாத்தீங்களா?” என்றார் டாக்டரம்மா, நல்ல பாட்டுக் கேட்டவர் போல. “பாதம்கூட அவசரப்படலை.”

ரத்தம் எடுத்தார்கள். மறுநாள், அதாவது பதினோராம் நாள், முடிவு வந்தது. வெளியே மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது, வேறு நோயாளி யாரும் வரவில்லை. அந்த மழை இல்லாவிட்டால் மூன்று நிமிடத்தில் மாத்திரைச் சீட்டோடு அனுப்பியிருப்பார்கள், இந்தக் கதையும் அதோடு முடிந்திருக்கும்.

தையல்காரர் தாளைப் பார்த்து எண்ணைப் படித்தார். “டி.எஸ்.எச். நாலு வரைக்கும் இருக்கலாம்னு போட்டிருக்கு. இவளுக்கு அறுபத்தெட்டு. அப்ப அளவுக்கு மீறிச் சுரக்குதா டாக்டர்?”

“அதுதான் இல்ல. சுரக்கவே மாட்டேங்குது.”

“எண்ணு ஏறியிருக்கே?”

டாக்டரம்மா தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு மனித உருவம் வரைந்தார். தலைக்குள்ளே, மூளைக்கு அடியில் ஒரு பட்டாணி. தொண்டையில் ஒரு பட்டாம்பூச்சி. “இந்தப் பட்டாணிக்குப் பேரு பிட்யூட்டரி. பட்டாம்பூச்சிதான் தைராய்டு. உடம்பு எவ்வளவு வேகமா எரியணும், எவ்வளவு சூடா இருக்கணும்ங்கிறது தைராய்டு அனுப்புற சரக்கைப் பொறுத்தது. ரத்தத்துல அந்தச் சரக்கு எவ்வளவு இருக்குன்னு பட்டாணி பார்த்துக்கிட்டே இருக்கும். குறைஞ்சா, ‘இன்னும் அனுப்பு’ன்னு சொல்லும். நாம அளந்தது சரக்கை இல்ல, அந்தச் சொல்லை.”

அவள் அந்தப் படத்தின்மேல் குனிந்தாள். இந்த மாதங்களில் எல்லா யோசனையும் சேற்றில் கால் வைத்து நடக்கிற மாதிரி வந்தது அவளுக்கு. ஆனால் இது மட்டும் நேராக வந்தது, தெரிந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி.

“ஹீட்டர் கம்பி போயிடுச்சு,” என்றாள். “மேல இருக்கிற பெட்டி சூடு பத்தலை, சூடு பத்தலைன்னு விளக்கை எரிய விட்டுக்கிட்டே இருக்கு. கீழ எரியறதுக்கு ஆள் இல்ல. அறுபத்தெட்டுங்கிறது அந்தக் கத்தல்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “காலேஜ்ல இதைப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு.”

“எனக்கு இருபது வருஷம் ஆச்சு டாக்டர். நான் அந்தப் பெட்டிகிட்டதான் வேலை பார்க்கிறேன்.”

“கழுத்து வீங்கினதும் அந்தக் கத்தலாலதான். ‘இன்னும், இன்னும்’னு சொல்லச் சொல்ல, வேலை செய்ய முடியாத சுரப்பி உடம்பையாவது பெருக்கிக் காட்டும்.”

“நம்ம சூப்பர்வைசர் மாதிரி” என்றார் தையல்காரர். ஒருகாலத்தில் அவரும் ஒரு துணித் தொழிற்சாலையில் தைத்தவர்.

மழை நிற்கவில்லை. டாக்டரம்மாவுக்குப் படம் வரைகிற ருசி வந்துவிட்டது. சிறுநீரகங்களுக்கு மேலே இரண்டு தொப்பி வரைந்தார்: நாய் துரத்தினால் உங்களை ஓடவைப்பது இவை. வயிற்றுக்குப் பின்னால் நீளமாக ஒன்று: சாப்பிட்ட சர்க்கரை ரத்தத்தில் ஏறினால் அதை வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பது இது. பட்டாம்பூச்சிக்குப் பின்பக்கம் நான்கு சின்னப் புள்ளிகள். “இதுங்க அரிசி அளவுதான். ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து சரியா இருக்கான்னு பார்க்கிறதைத் தவிர வேற வேலை இல்ல. குறைஞ்சா எலும்புல இருந்து எடுத்துக் குடுத்துடும்.”

“கோழிக்கு உண்டா இது?”

“உண்டு. இல்லாட்டி ஓட்டுக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வரும்?”

அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். லட்சக்கணக்கான ஓடுகளைத் தொட்டிருக்கிறாள். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கோழியின் கழுத்துக்குள் அரிசியைவிடச் சின்னதாக யாரோ உட்கார்ந்து அளந்துகொண்டிருந்திருக்கிறார்கள் என்பது இதுவரை அவளுக்குத் தெரியாது.

“இதுக்கெல்லாம் குழாய் எங்க டாக்டர்? எப்படிப் போய்ச் சேருது?”

“குழாயே கிடையாது. அதுதான் ஆச்சரியம். சரக்கை நேரா ரத்தத்துல விட்டுடும். ரத்தம் உடம்பு முழுக்கச் சுத்தும். கடிதம் மாதிரி எல்லா வீட்டு வாசலையும் தாண்டிப் போகும். எந்த வீட்டுப் பூட்டுக்கு அந்தச் சாவி பொருந்துதோ அங்க மட்டும் கதவு திறக்கும். மத்தவங்களுக்குக் கடிதம் வந்ததே தெரியாது.”

“எவ்வளவு சரக்கு வேணும் ஒரு நாளைக்கு?”

டாக்டரம்மா மாத்திரை அட்டையைக் காட்டினார். “இந்த மாத்திரையில பெரும்பாலும் மாவுதான். மருந்து மட்டும் எடுத்தா, பொடியுப்புல ஒரு துகள், மிஞ்சினா ரெண்டு துகள் எடை. ஒரு முழு மனுஷிக்கு ஒரு முழு நாளைக்கு அவ்வளவுதான் வேணும். சூடு, நாடி, முடி, குரல், குடல், ஞாபகம், எல்லாத்துக்கும் சேர்த்து.”

தையல்காரர் உப்பைப் பற்றி யோசிப்பது தெரிந்தது. அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. வாயைத் திறந்தபடி அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வருடமாக ஒவ்வொரு நாளும் தன் தொண்டைக்குள் யாரோ அந்த ஒரு துகளைக் கூடாமல் குறையாமல் நிறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள்கூட அவள் அதைக் கவனித்ததில்லை. அடை அறைக்கு மட்டும் அவள் காவல் இருந்தாளாம். அவளுக்கு யார் காவல் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

“ஏன் நின்னுபோச்சு?”

“உங்க உடம்புக்குள்ள இருக்கிற காவல்காரங்களே அதைத் திருடன்னு நினைச்சு அடிச்சிருக்காங்க. ஏன்னு கேட்டா எனக்கும் முழுசாத் தெரியாது. நிறையப் பேருக்கு, அதுவும் பொம்பளைங்களுக்கு, இது வரும்.” பிறகு ஞாபகம் வந்தவராகச் சொன்னார்: “உங்க தொழில்ல ஒண்ணு சொல்றேன். தலைப்பிரட்டைக்கு இந்தச் சரக்கு இல்லைன்னா அது தவளையாகவே ஆகாது, பெரிய தலைப்பிரட்டையா வளர்ந்துக்கிட்டே போகும். கோழிக்குஞ்சும் அப்படித்தான், ஓட்டை உடைக்கிற நேரத்துல அதோட ரத்தத்துல இது சட்டுனு ஏறும். அது ஏறாட்டி நுரையீரல் சரியா விழிக்காது, குஞ்சு வெளிய வரத் திணறும்.”

“ஒரேயடியா நாலு மாத்திரை குடுத்து விட்ட இடத்தைப் பிடிச்சா என்ன டாக்டர்?” என்றார் தையல்காரர்.

“இதயம் பிச்சுக்கிட்டு ஓடும். இத்தனை மாசம் ஆறினதை ஒரே நாள்ல சுட வைக்கக் கூடாது. தினம் காலையில வெறும் வயித்துல ஒண்ணு. அரை மணி நேரத்துக்கு டீ கிடையாது. ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்ப்போம்.”

மழை விட்டிருந்தது. வெளியே படியில் இறங்கும்போது அவள் நின்றாள். முந்தின நாள் டாக்டரம்மா அவள் கன்னத்தில் வைத்த புறங்கை ஞாபகம் வந்தது. அந்தக் கை சூடாக இருந்தது. அதற்கு முந்தைய நாள் கணவரின் விரல் கழுத்தில் பட்டபோதும் சூடாக இருந்தது. பஸ் கம்பியில் பக்கத்து ஆளின் கை, டார்ச் கொடுத்த டம்ளர், எல்லாம் இத்தனை மாதமாகச் சூடாகவே இருந்தது.

“என்ன நின்னுட்டே?”

“நீங்க வீட்டுக்குப் போங்க. நான் அடைக்குப் போயிட்டு வரேன்.”

“இன்னிக்கு லீவு சொல்லியிருக்கியேம்மா.”

“ஒன்பதாயிரம் பேருக்கு யாரு லீவு குடுத்தது?” என்றாள். அவள் கணவருக்கு அந்தக் குரல் பழைய குரல் மாதிரி இருந்தது, கரகரப்பைத் தவிர.

பொரிப்பகத்தில் டார்ச்சைக் கையைப் பிடித்து அடை அறை வாசலுக்கு இழுத்துவந்தாள். ஒரு முட்டையை எடுத்தாள்.

“கண்ணை மூடு.”

“எதுக்குக்கா? பயமா இருக்கு.”

“மூடுடி.” முட்டையை அவள் இமைமேல் வைத்தாள். “எப்படி இருக்கு?”

“முட்டை மாதிரி இருக்கு.”

“சூடு எப்படி இருக்குன்னு கேட்டேன்.”

டார்ச் மூன்று மூச்சு நின்றாள். முதல் தடவையாக அவள் வாய் எதுவும் சேர்க்காமல் பதில் சொன்னது. “சூடா இல்லக்கா. லேசா, ஆறிட்டு வர்ற மாதிரி.”

அதே முட்டையைத் தன் இமைமேல் வைத்தாள். சுரீரென்றது. பிறகு ஒரு விரலால் டார்ச்சின் கன்னத்தைத் தொட்டாள். டார்ச் துள்ளிக் குதித்தாள்.

“கையா அது, ஐஸா?”

“முட்டை சூடா இல்லடி,” என்றாள். “நான்தான் ஆறிப்போயிருக்கேன். ஆறின தோலுக்கு இதமான முட்டையும் சுடும். மானி சொன்னது நிஜம். ரெண்டு பொரிப்பையும் குளிர வைச்சது நான்.”

குமிழைத் திருகி முப்பத்தேழு புள்ளி ஆறுக்குக் கொண்டுவந்தாள். நேராக முதலாளியின் அறைக்குப் போனாள். தன்மேல் பழி போட்டுக்கொள்வதில் ஒரு சுகம் உண்டு. அந்தச் சுகத்துக்கு நேரம் கொடுக்காமல், கணக்கை மட்டும் சொன்னாள்.

“போன ரெண்டு தடவையும் பதினெட்டு நாள் அடை அறையில குறைச்ச சூட்டுல இருந்துச்சு. இருபது மணி நேரம் தாமதம். இந்தத் தடவை பதினொரு நாள் அப்படி. இப்ப சரிபண்ணிட்டேன். அதனால பன்னிரண்டு மணி நேரம் தாமதம் வரும். இருபதாம் நாள் விடியும்போது ஒண்ணும் விரியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு விரியும். வண்டியை மறுநாள் சாயங்காலத்துக்கு மாத்திடுங்க.”

முதலாளி கணக்கு நோட்டைப் பின்னால் புரட்டினார். “அப்ப ரெண்டு பொரிப்பும் போனது உங்களாலயா?”

“ஆமா தம்பி.”

‘தம்பி’ வெகு நாளைக்குப் பிறகு வந்தது. அவர் அதைக் கவனித்தார், ஆனால் கவனிக்காத மாதிரி இருந்தார். “அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை ஏன் விடணும்? சூட்டைக் கொஞ்சம் கூட ஏத்தி வைங்க, விட்ட இடத்தைப் பிடிச்சுடலாம்.”

“கூடாது. ஆறினதை ஒரேயடியா சுட வைச்சா இதயம் பிச்சுக்கிட்டு ஓடும்.”

“முட்டைக்கா?”

“முட்டைக்கும்தான். மூணாம் நாள்லயே அதுக்கு இதயம் துடிக்க ஆரம்பிச்சாச்சு.”

முதலாளி தலையைச் சொறிந்தார். குஞ்சு சீக்கிரம் வருமென்று சத்தியம் செய்த ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். தாமதமாகத்தான் வரும் என்று மணியோடு சத்தியம் செய்த ஆளை இப்போதுதான் பார்க்கிறார். “சரி. ஆறு மணி. வண்டியை மாத்தறேன். நீங்க சொன்ன நேரம் பொய்யாச்சுன்னா சாவி போயிடும் அக்கா. அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

அடுத்த ஒன்பது நாளும் அவள் இமைமேல் முட்டை வைக்கவில்லை. கை தானாக எழும்பும், பாதியில் நிறுத்துவாள். பல்வலி வந்தவன் நாக்கை அடக்குகிற மாதிரி. முட்டைகளை டார்ச்சின் இமைமேல் வைத்தாள். இரண்டாம் நாளிலேயே டார்ச் ‘கால் டிகிரி தூக்கல்’ என்று சொல்லிப் பார்த்தாள், தூக்கல் எதுவும் இல்லாதபோது. அதற்காகத் திட்டும் வாங்கினாள். பதினெட்டாம் நாள் முட்டைகளைப் பொரிப்பு அறைத் தட்டுகளுக்கு மாற்றினார்கள். வீட்டில் காலை மாத்திரைக்குப் பிறகு அரைமணி நேரம் டீ இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். துணைக்குத் தையல்காரரும் குடிக்காமல் இருந்தார். மூன்றாம் நாள் அவருக்குத்தான் தலைவலி வந்தது.

இருபதாம் நாள் விடிந்தது. முதலாளி வழக்கத்துக்கு முன்பே வந்து பொரிப்பு அறையின் கண்ணாடி வழியே பார்த்தார். ஒன்பதாயிரம் முட்டைகள், முழுசாக, அசையாமல். திரும்பிப் போனார். மதியம் வந்தார். ஒன்றும் இல்லை. நான்கு மணிக்கு வந்தார். டார்ச் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்து, “வரும் வரும்” என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்தரை மணிக்கு முதலாளி போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார். அவர் பார்வை அவள் இடுப்பில் தொங்கிய சாவியில் போய் நின்று, திரும்பியது.

அவள் உள்ளே போனாள். ஒரு முட்டையை எடுத்தாள். இமைக்குக் கொண்டுபோகவில்லை. காதில் வைத்தாள்.

முதலில் தன் காதின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு, உள்ளிருந்து, ஒரு சொட்டு ஒலி. பின்பு இன்னொன்று. குஞ்சு உள்ளே காற்றுப் பையைக் கிழித்து மூச்சு விட ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருடம் இந்த ஒலியை அவள் கேட்டிருக்கிறாள். அதற்கு என்ன பொருள் என்று கேட்டதில்லை. இப்போது அவளுக்குத் தெரியும். அந்தச் சின்னக் கழுத்துக்குள், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் எதுவோ, இந்த நிமிடத்தில் ஓங்கிச் சரக்கை விட்டிருக்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை. கடிதம் ரத்தத்தில் ஓடி நுரையீரலின் வாசலைத் தட்டியிருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. அதே கடிதத்துக்காகத்தான் அவள் தினமும் காலையில் டீ குடிக்காமல் காத்திருக்கிறாள். தன் உடம்பு மறந்ததை இருபது நாள் உயிர் தானாகச் செய்கிறது. பொறாமைப்படலாம் என்று நினைத்தாள். வரவில்லை. கண்ணில் ஏதோ நிறைந்தது, அவ்வளவுதான். நிறைந்தது இடது கண்ணா வலது கண்ணா என்று பார்க்கவில்லை.

டார்ச் கண்ணாடியைத் தட்டினாள். நடுத் தட்டில், மூன்றாவது வரிசையில், ஒரு முட்டையின் ஓட்டில் நட்சத்திரம் போல ஒரு விரிசல். அதற்குள்ளிருந்து ஒரு மூக்கு நுனி. பிறகு அதன் பக்கத்து முட்டை. பிறகு கீழ்த் தட்டில் எங்கோ.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி ஆவதற்கு எட்டு நிமிடம் இருந்தது.

“எட்டு நிமிஷம் முன்னாடியே வந்துடுச்சே அக்கா,” என்றார்.

“மன்னிச்சுக்குங்க முதலாளி,” என்றாள் அவள். அவர் முதலில் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தார். சாவி இருந்த இடத்திலேயே இருந்தது. கோட்டு அந்தப் பக்கம் இறங்கியே நின்றது.

மறுநாள் மாலை வண்டி வந்தது. போன இரண்டு தடவையைவிடக் குஞ்சுகள் நன்றாக நின்றன, பழைய நாட்கள் அளவுக்கு இல்லை என்றாலும். வண்டி போன பிறகு முதலாளி ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் வாங்கிவந்து உள்ளே தொங்கவிட்டார். சுவரில் இருந்த அப்பாவின் எழுத்தை அழிக்க மனம் வராமல், அதன் கீழே சின்னதாக எழுதினார்: ‘இமையையும் அவ்வப்போது சோதிக்கவும்.’

ஆறு வாரம் கழித்து இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் எண் ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. “பட்டாணி இன்னும் முணுமுணுக்குது,” என்றார் டாக்டரம்மா, மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். கழுத்து அரை இஞ்சு இறங்கியதாகத் தையல்காரர் நோட்டில் எழுதினார். வீங்கிய கழுத்துக்காகத் தள்ளித் தைத்திருந்த கோட்டின் மேல் பட்டனை மறுபடி பழைய இடத்துக்கு மாற்றித் தரச் சொன்னாள்.

“பட்டன் என்ன ஹார்மோனா, ஏறி ஏறி இறங்க?” என்று முணுமுணுத்தபடி மாற்றித் தந்தார்.

மறுநாள் காலை அவள் வாசலில் நின்று ஒரு முட்டையை எடுத்தாள். டார்ச்சைக் கூப்பிடவில்லை. இடது கண்ணை மூடி, மூன்று மூச்சு. சுடவில்லை. ஆறவும் இல்லை. முட்டை எங்கே முடிகிறது, இமை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அந்தப் பழைய இதம்.

“சரி” என்றாள். மேலே பார்த்தாள். முப்பத்தேழு புள்ளி ஆறு. உள்ளே கண்ணாடிக் குழாயும் அதையேதான் சொன்னது.

தட்டுகளைத் திருப்ப உள்ளே போனாள். கால் மணி நேரம் கழித்து டார்ச் தலையை நீட்டினாள்.

“அக்கா, நெத்தியைத் துடைச்சுக்குங்க. கண்ணுல இறங்குது.”

அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நனைந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வியர்வை. துடைக்கவில்லை. விரலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முட்டைக்குள் கரு தெரிகிறதா என்று பார்ப்பது போல, அந்தச் சொட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.